சொரிமுத்து சொன்ன ‘ம்’

“இரைச்சலுக்குள்ள ஒரு கேள்வி விழுந்து கெடக்கு. அதை எடுத்துத் தரணும்,” என்றார் சொரிமுத்து.

“யாரு கேட்ட கேள்வி?” என்றாள் தஸ்லீமா.

“என் மக கேட்டது.”

“அப்பம் மககிட்டயே கேட்டுர வேண்டியதுதானே அண்ணாச்சி?”

“அதுதான் முடியாதுங்கேன்!”

கத்திவிட்டார். கத்தின பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தம் போட்டுப் பழக்கமில்லாத மனுசர்.

சொரிமுத்து கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி நடுவில் இருமினால்கூட, எந்த வார்த்தைக்குப் பிறகு இருமினான் என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது. ஆனால் வாய்? வாய்க்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பேசுவது ஊரார் சோலி, எழுதுவது தன் சோலி என்று காலத்தை ஓட்டிவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். பெஞ்சாதி செண்பகம் பேசுவாள், இவர் ‘ம்’ கொட்டுவார். மகளுக்குக் குலசாமி பேரை வைத்துப் பேச்சியம்மாள் என்று கூப்பிட்டார்கள். பேருக்குத் தகுந்த வாய் அதற்கு. ஆத்தாளும் மகளுமாக வீட்டைக் கலகலவென்று வைத்திருந்தார்கள். பேச்சி படித்து நார்வேக்கு வேலைக்குப் போனாள். செண்பகம் சீக்கு வந்து போய்ச் சேர்ந்தாள். வீடு சத்தமில்லாமல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் போன் அடிக்கும்.

இப்போது அதுவும் அடிப்பதில்லை.

தஸ்லீமாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வயதில் பேச்சியைவிட நாலைந்து மூப்பு, அவ்வளவுதான். ஊருக்குத் தெற்கே மின்வாரிய சப் ஸ்டேஷன் சுவரை ஒட்டின மாடி வீட்டில் குடியிருந்தாள். அங்கே எந்நேரமும் ஒரு ரீங்காரம். ‘இதுல மனுசன் இருப்பானாம்மா?’ என்று வாடகைக்கு விட்டவரே கேட்டாராம். அந்த ரீங்காரத்துக்காகத்தான் அவள் குடிவந்ததே.

செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றின ‘காயில்’ ஒன்று வைத்திருப்பாள். அதன் வயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து ஹெட்போனுக்கு. கரண்டு ஓடுகிற எந்தச் சாமான் பக்கத்தில் காயிலை நீட்டினாலும், அந்தச் சாமான் நம் காதுக்கு எட்டாமல் போட்டுக்கொண்டிருக்கிற சத்தம் ஹெட்போனில் வரும். அவற்றைப் பிடித்து, வெட்டி, கோத்து, ஒரு மணி நேரம் ஓடுகிற கச்சேரி மாதிரி செய்வாள். கொச்சியிலும் பெர்லினிலும் ஜனம் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டதாம். நம் ஊரில் அவளுக்கு ‘கரண்டு சித்தர்’ என்று பேர் வைத்ததோடு சரி.

“நீ இரைச்சல்ல இருந்து பேச்சை எடுத்துருவேன்னு சொன்னாங்க,” என்றார் சொரிமுத்து.

“யாரு?”

“கம்ப்யூட்டர் கடைக்காரர். அவரு என்னென்னமோ பண்ணிப் பாத்தாரு, முடியல. ‘இனிமே கரண்டு சித்தர்தான் கதி’ன்னுட்டாரு.”

“அவருக்கு வாய் ஜாஸ்தி. போடுங்க, கேப்போம்.”

சொரிமுத்து போனை எடுத்து, பேச்சி கடைசியாகப் பேசின பதிவைப் போட்டார். பேசினதெல்லாம் பதிவாக வேண்டும் என்பது அவருடைய பழைய கோர்ட் புத்தி. போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருந்தார்.

“அப்பா, சாப்டீங்களா?”

“ம்.”

“என்ன வச்சீங்க?”

“கத்தரிக்கா.”

பிறகு பேச்சிதான் பேசினாள். ஆபீசில் சீட்டு மாற்றினது, பக்கத்து வீட்டுக் கிழவர் மழையில் வழுக்கி விழுந்தது, அம்மாவை மாதிரி தேங்காய்ப்பால் சொதி வைக்கப் போய்ச் சொதப்பினது. இவர் ம், ம் என்று கொட்டிக்கொண்டே வந்தார்.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“ம்.”

அந்த இடத்தில் லைன் கரகரத்தது. கர்ர்ர் என்று ஒரு இரைச்சல் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அடியில் அவள் குரல் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. இரைச்சல் நின்றது.

“ம்,” என்றார் போனுக்குள் சொரிமுத்து.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“சரிப்பா,” என்றாள் பேச்சி. வைத்துவிட்டாள்.

“இது ஆவணியில,” என்றார் சொரிமுத்து. “இப்பம் மாசி பொறந்தாச்சு. அதுக்கு அப்புறம் அவ கூப்பிடல.”

“நீங்க?”

“நான் எப்படிக் கூப்பிடுவேன்? ‘நீ கேட்டது எனக்கு விழல’ன்னு சொன்னா, ‘பொறவு எதுக்கு ம்னீங்க’ன்னு கேப்பாள்லா? ஏற்கனவே சொல்லிக்கிட்டேதான் இருப்பா, ‘அப்பா, நான் பேசுறது உங்களுக்கு விழுதா, இல்லையா’ன்னு. ஒரு எழுத்து விடாம விழுதுன்னு அடிச்சுச் சொன்னவன் நான். எதுக்கு ‘ம்’ சொன்னேன்னு தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்டப் பேச?”

மகள் குரலைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றினார். இதை எந்த நாக்கால் சொல்வது? சொல்லவில்லை.

தஸ்லீமா அந்த இரைச்சலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு எழுந்து போய்க் காயிலையும் பெட்டியையும் ஹெட்போனையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

“இது என்னத்துக்கு?”

“போய்க் கேட்டுட்டு வாங்க.”

“எதை?”

“கரண்டு ஓடுறது எல்லாத்தையும்.”

“நான் வந்த சோலி அது இல்லையே.”

“இரைச்சல்னா என்னன்னு தெரியாம அதுக்குள்ள எப்படி ஒண்ணை எடுப்பீங்க?”

சொரிமுத்து காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘ம்’ என்று சொல்லிவிட்டு எழுந்தார்.


பிரிட்ஜில் வைத்துக் கேட்டார். அடேயப்பா, உள்ளே ஒரு பட்டாளமே அணிவகுத்துப் போனது. மின்விசிறியில் வைத்தார், ஙொய் என்றது. கரண்டு மீட்டர் டிக், டிக் என்று நாக்கைச் சப்புக்கொட்டியது. ஏ.டி.எம். பெட்டி யாரைப் பற்றியோ மடமடவென்று கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் அடிக்கும்போது காயிலை நீட்டினார். மிஷின் கீச்சென்று கத்தியது.

“என்ன அண்ணாச்சி, பாம் இருக்கான்னு பாக்கீங்களா?” என்றார் கண்டக்டர்.

“ம்.”

“இருக்குங்கீங்களா!”

பஸ்ஸே சிரித்தது. சொரிமுத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்.

அம்மன் கோயிலில் சுவிட்சு போட்டால் அடிக்கிற மேளம் இருந்தது. அது அடிப்பதற்கு முன்னால், மோட்டார் மூச்சை இழுக்கிற சத்தத்தை அவர் ஒருத்தர் மட்டும் கேட்டார். மெய்மறந்து நின்றார். தீபாராதனைத் தட்டு அவரைத் தாண்டிப் போனது அவருக்குத் தெரியாது.

காது ருசி கண்டுவிட்டது. தினமும் புறப்பட்டார். நாள் போகப் போகச் சத்தங்களுக்குள் பேச்சு கேட்க ஆரம்பித்தது. போன் சார்ஜர் ‘வா வா வா’ என்றது. தெருவிளக்கு ‘யாரு, யாரு’ என்றது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மகளுடைய அந்த இரைச்சலை ஒரு முறை கேட்பார். அதிலும் ஒருநாள் வார்த்தை கேட்டது.

மறுநாள் காலையிலேயே மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்.

“கிடைச்சிட்டு டீச்சர்!”

அவளை டீச்சர் என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது. தஸ்லீமாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“என்ன கேட்டாளாம்?”

“‘வீட்டை வித்துரலாமாப்பா?’ தெளிவா விழுது. நானும் ‘ம்’னுட்டேன். அவ பொறந்த வீடு டீச்சர் அது. ஒரே சொல்லுல சரின்னுட்டாரே அப்பான்னு மனசு விட்டுப்போச்சு அவளுக்கு.”

“சரி. இன்னும் கேளுங்க.”

மறுபடியும் வந்தார். இந்தத் தடவை மெதுவாக ஏறினார்.

“வீடு இல்ல டீச்சர். ‘இங்கயே ஒருத்தரைக் கட்டிக்கிடட்டுமா’ன்னு கேட்டிருக்கா. கட்டிக்கிடட்டும், எந்த நாட்டுக்காரனா இருந்தா எனக்கென்ன? ஆனா பெத்தவன் அதுக்கு ‘ம்’னா சொல்லுவான்? யாரு, என்ன, நல்ல பையனான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?”

“சரி. இன்னும் கேளுங்க.”

மூன்றாவது தடவை வந்தவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். சப் ஸ்டேஷன் ரீங்காரம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

“‘அம்மாவுக்கு முடியலேன்னு ஏம்ப்பா எங்கிட்ட முன்னாலயே சொல்லல?’” என்றார் கடைசியில்.

“அதுக்கும் ‘ம்’னுதான் சொன்னீங்களா?”

சொரிமுத்து துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

தஸ்லீமா தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“ஒரே இரைச்சல் அண்ணாச்சி. அதுல மூணு கேள்வி வந்துட்டு. அவ கேட்டது எது, நீங்களாக் கேட்டுக்கிட்டது எது?”

“எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்!”

“எனக்கும் தெரியாது.”

“கருவியெல்லாம் இருக்கே.”

“அந்த இரைச்சலுக்கு அடியில ஒண்ணும் மிச்சமில்ல. மொத நாளே பாத்துட்டேன்.”

சொரிமுத்து துண்டை இறக்கினார். அவருக்கு வந்ததே கோபம்.

“மொத நாளே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா என்னைய ஊர் சுத்த விட்டீங்க? பஸ்ல, கோயில்ல, கண்டவன் வாயில எல்லாம் விழுந்து எந்திரிச்சு வாறேனே!”

“டீ போடட்டுமா?” என்றாள் தஸ்லீமா.

“ம்.”

“வேணுமா, வேண்டாமா?”

“அதான் சொன்னேன்லா.”

“என்ன சொன்னீங்க?”

“‘ம்’னேன்.”

“அது வேணுமா, வேண்டாமா?”

“...வேணும்.”

டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் சொரிமுத்துவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவராகவே பேசினார்.

“கோர்ட்ல ஒரு சாட்சி டீச்சர். வக்கீல் என்ன கேட்டாலும் ‘ம்’, ‘ம்’ங்கான். ஜட்ஜையாவுக்குக் கோவம் வந்துட்டு. ‘யோவ், ஆமான்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. ம்னா என்னத்த எழுத?’ன்னாரு. சுருக்கெழுத்துல அதுக்குக் கோடு இருக்கு. எழுதலாம். எழுதி? ஆமாவா, கேட்டுக்கிட்டேனா, மேல சொல்லுங்கானா, போதும் நிறுத்துங்கானா? படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் எழுதினதே இல்ல.”

“அப்பம் ‘ம்’ ஒரு சொல்லு இல்ல.”

“இல்ல. வெறும் சத்தம்.”

“அங்க கேக்குதே, அது?”

சொரிமுத்து ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். டிரான்ஸ்பார்மர்கள் உதட்டை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தன.

“அதுவும் ‘ம்’தான்,” என்றார்.

“சத்தத்தை வச்சு வேல செய்யுற எங்க ஆளுங்க நாடு நாடாப் போய் இதைத்தான் பேசுவாங்க. சத்தம் எங்க முடியுது, சொல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு. தடித் தடியாப் புத்தகம்லாம் எழுதியிருக்காங்க.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“யாராவது ஒருத்தர் அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா, அது சொல்லு.”

“காத்திருக்க ஆளில்லேன்னா?”

தஸ்லீமா கையைச் சப் ஸ்டேஷன் பக்கம் நீட்டினாள்.

சொரிமுத்துவுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம்.

“அந்தப் போனை இங்க வச்சுட்டுப் போங்க,” என்றாள் தஸ்லீமா. “மககூடப் பேசினது எல்லாம் எனக்கு வேணும். எடுத்துட்டுச் சாயங்காலம் தாறேன்.”


பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சொரிமுத்து இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார். இரைச்சலில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு எதற்கு வந்தார்? வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் இருந்தால் அடிக்காத போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவருக்கும் தஸ்லீமாவுக்கும் ஒரு விளையாட்டு ஏற்பட்டிருந்தது. அவள் பிடித்து வைத்த சத்தத்தைப் போடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு என்ன சாமான் என்று சொல்ல வேண்டும்.

“இது?”

“இஸ்திரிப் பெட்டி.”

“இது?”

“டிவி... இல்ல இல்ல, இன்வெர்ட்டர். பேட்டரி சாகப் போகுது.”

“என் இன்வெர்ட்டர்தான். மாத்தணும். சரி, இது?”

புதுச் சத்தம். சொரிமுத்து ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நெற்றி சுருங்கியது.

“மோட்டாரு. பழசு.”

“என்ன மோட்டார்?”

“மாவு மில்லு மோட்டார்னு வைங்க. விட்டு விட்டு வருது. ஆனா...” கொஞ்சம் யோசித்தார். “அரைக்க ஒண்ணும் போடல டீச்சர். சும்மா ஓடுது. ஓட விட்டுட்டு யாரோ அணைக்க மறந்து போயிட்டாங்க.”

தஸ்லீமா சத்தத்தை நிறுத்தினாள்.

“தப்பா?” என்று கண்ணைத் திறந்தார் சொரிமுத்து.

“அது நீங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“நீங்க மககூடப் பேசினது. அவ குரலை எடுத்துட்டேன். மிச்சம் இருந்ததை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கோத்தேன். வேற ஒண்ணும் செய்யல.”

சொரிமுத்து அவளையே பார்த்தார். பிறகு மறுபடியும் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

போட்டாள். ம். ம். ம். ம். எந்த ஞாயிற்றுக்கிழமை, எதற்குச் சொன்னது, ஒன்றும் தெரியவில்லை. வேலையில் உயர்வு கிடைத்த அன்றைக்கும் அதே ‘ம்’. காய்ச்சலில் கிடந்த அன்றைக்கும் அதே ‘ம்’. அம்மா கனவில் வந்தாள் என்று சொன்ன அன்றைக்கும் அதேதான். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எங்கோ நடுவில் ‘கத்தரிக்கா’ என்று ஒரு சத்தம் வந்து போனது. பிறகு மறுபடியும் ம், ம், ம்.

“நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்,” என்றார் சொரிமுத்து. “ஒவ்வொரு எழுத்தும் கேட்டேன். அந்தக் கிழவர் பேரு ஓலாவ். அவ சீட்டு மாத்தினது ஜன்னல் பக்கம். எல்லாம் எனக்குத் தெரியும்.”

“தெரியும் அண்ணாச்சி.”

“அவளுக்குத் தெரியாதா?”

தஸ்லீமா தலை குனிந்துகொண்டாள்.

சொரிமுத்து விருட்டென்று எழுந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது, பெட்டி தரையில் இழுபட்டது.

“ஒரு கேள்விய எடுத்துத் தாங்கன்னு கேட்டு வந்தேன். நீங்க என்னைய மாவு மில்லா ஆக்கிட்டீங்க. நல்லா இருங்க!”

பெட்டியை அள்ளிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.


பஸ் நிறுத்தத்தில் நின்றார். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. அதையும் விட்டார்.

அவருக்குப் போனின் அந்தப் பக்கம்தான் கண்ணில் நின்றது. பார்த்திராத ஊர். ஜன்னலுக்கு வெளியே பனி. அங்கே தன் பிள்ளை ஒண்டியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். கேட்டும் பேசியிருக்கிறாள். அடுத்த வாரமும் கூப்பிட்டிருக்கிறாள்.

“ஐயோ பாவம், என் பிள்ள,” என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சொரிமுத்து அதைக் கவனிக்கவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

திரும்பி நடந்தார். மாடி ஏறினார். கதவு திறந்தேதான் இருந்தது.

“டீச்சர், அவ என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாது,” என்றார்.

தஸ்லீமா எழுந்து வந்தாள். அவர் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினாள். கையிலிருந்த பெட்டியையும் காயிலையும் வாங்கினாள். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சொரிமுத்துவின் கையில் போன் மட்டும் இருந்தது.

அவருக்கு வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. செண்பகம் இருந்தவரை அவள் கூப்பிட்டாள். அவள் போன பிறகு மகள் கூப்பிட்டாள். இவராகக் கூப்பிட்டது ஒருநாளும் கிடையாது. மகள் பேரைத் தேடி எடுத்து, கட்டைவிரலால் அமுக்கினார்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் நின்றது.

“அப்பா?”

சொரிமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அப்பா, என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதும் முடியலையா? ஆஸ்பத்திரில இருக்கீங்களா?”

“இல்லட்டி. நல்லாத்தான் இருக்கேன்.”

“பொறவு?”

“பேச்சி, அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டீல்லா. ஆவணியில.”

“கேட்டேன்,” என்றாள் பேச்சி.

“அது எனக்கு விழலட்டி. லைன் கரகரன்னுட்டு. வழக்கம்போல ‘ம்’னு சொல்லிட்டேன். நீ என்ன கேட்டேன்னே எனக்குத் தெரியாது.”

“விழலையா?”

“விழல.”

“நிசமாவே விழலையாப்பா?”

“சத்தியமா விழல.”

பேச்சி சிரித்தாள். இல்லை, சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது. அப்படியே அழுகையாகப் போய்விட்டது. சொரிமுத்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்னட்டி கேட்ட? வீட்டை விக்கணுமா? வித்துருவோம். யாரையும் பாத்து வச்சிருக்கியா? கூட்டிட்டு வா. அம்மா விசயமா இருந்தா, தப்பு என் மேலதான். நீ அப்பம்தான் புது வேலையில சேந்திருந்த, பதறுவேன்னு பயந்துட்டேன். என்னன்னு சொல்லு. எதுன்னாலும் சொல்லு.”

வாழ்நாளில் ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசினது இதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா,” என்றாள் பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நான் ஒரு வாரம் கூப்பிடாட்டி, உங்க மனசு என்னைத் தேடுமாப்பான்னு கேட்டேன்.”

சொரிமுத்து அசையாமல் நின்றார்.

“நீங்க ‘ம்’னீங்க. எனக்கு ஒரே சந்தோசம். அப்பாவே சொல்லிட்டாங்களேன்னு. சரி, தேடட்டும், தேடினா அவங்களே கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை போனைக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும். நீங்க கூப்பிடவே இல்ல.”

சொல்லிவிட்டுப் பேச்சி நிறுத்தினாள். லைனில் லேசான இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேற்கொண்டு பேசவில்லை. காத்திருந்தாள்.

சொரிமுத்து வாயைத் திறந்தார். பழக்க தோஷம், உதடு தானாக மூடிக்கொண்டு ‘ம்’ என்று சொல்ல வந்தது. அதை விழுங்கினார்.

“தேடிச்சுட்டி,” என்றார்.